அத்தை கொடுத்த வாக்குமூலம்

மாமா கடைசியாகக் குடித்த கஷாயத்தை அவர் கையில் கொடுத்தவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. இதை வெளியே சொல்ல எனக்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

மாமா என்பது அப்பாவின் தங்கை கணவர். திருப்பூர் வேலம்பாளையத்தில் முன்பக்கம் பனியன் கம்பெனியும் பின்பக்கம் வீடுமாக ஒரே காம்பவுண்டில் இருந்தார்கள். கம்பெனி என்றால் எட்டு மெஷின்கள், ஒரு கட்டிங் டேபிள், ஒரு செக்கிங் டேபிள், அவ்வளவுதான். அவர்களுக்குக் குழந்தை இல்லை. இரண்டு தெரு தள்ளியிருந்த எங்கள் வீட்டில் தூங்குவேனே தவிர, பள்ளிக்கூடம் விட்டால் நான் அத்தை வீட்டுப் பிள்ளை.

அந்த இடத்துக்குக் கிரயப் பத்திரம் போட்டுக்கொடுத்த வக்கீல் ஒருவர் எப்போதாவது வருவார். "வாரிசு இல்லாத ஊடுங்க, ஒரு உயில் எழுதி வெச்சிருங்க. வெள்ளைத் தாள்ல எழுதி, ரெண்டு சாட்சி முன்னால கையெழுத்துப் போட்டாப் போதும்" என்பார். மாமா உடம்பு குலுங்கச் சிரிப்பார். "நாப்பத்தி நாலு வயசுல உயில் எழுதச் சொல்றீங்களே, என்ற மேல உங்களுக்கு அப்படி என்ன கோவமுங்க?" வக்கீலும் சிரித்துவிட்டுக் காபி குடித்துப் போவார்.

அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு. காலையிலிருந்தே நெஞ்சு எரிகிறது என்று மாமா தடவிக்கொண்டிருந்தார். ராத்திரி தின்ற கறிதான் காரணம் என்று அத்தை தீர்ப்புச் சொல்லி, சுக்கும் சீரகமும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்தாள். "மாமனுக்குக் குடுத்துட்டு வா கண்ணு, சிந்திப் போடாத" என்று டம்ளரை என்னிடம் கொடுத்தாள்.

நான் சிந்தினேன். வழியில் கிடந்த துணி பண்டல் காலில் தட்டி, பாதிக் கஷாயம் தரையில் போய்விட்டது. திரும்பிப் போனால் திட்டு விழும். கம்பெனி வாசலில் ஒரு சிமெண்ட் தொட்டி இருந்தது. டம்ளரை அதில் அமிழ்த்தி நிரப்பிக்கொண்டேன்.

அந்தத் தொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெஷின் எண்ணெய் பட்ட பனியன்களில் கறை எடுக்க மூக்கைத் துளைக்கும் ஒரு மருந்து உண்டு. செக்கிங் பெண்கள் அந்த மருந்தைத் தொட்ட கையையும் துணியையும் அலசுவது அந்தத் தொட்டியில்தான். அதில் வாய் வைக்கக் கூடாது என்று அத்தை எனக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். நான் வாய் வைக்கவில்லை. மாமாவைப் பற்றி அவள் எதுவும் சொன்னதில்லை என்பதே அப்போது என் நியாயமாக இருந்தது.

டீ நேரம். எல்லோரும் தெருமுனைக் கடைக்குப் போயிருந்தார்கள். மாமா மட்டும் செக்கிங் டேபிளில் உட்கார்ந்திருந்தார். ஒரே மூச்சில் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "என்ன உங்கத்தை இன்னைக்குத் தண்ணிக் கஷாயம் வெச்சிருக்கறா?" என்று கேட்டுக் கண்ணடித்தார். கால் மணி நேரத்தில் டேபிளிலிருந்து சரிந்து விழுந்தார். வாயோரம் நுரை. டீ குடித்து வந்தவர்கள் போட்ட கூச்சலில் அத்தை அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். கம்பெனி வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது.

மாமாவின் அண்ணன் பெருமாநல்லூரிலிருந்து வந்தார். தம்பியின் வாயைப் பார்த்தார். கஷாயம் குடித்த சேதியை யாரோ சொன்னார்கள். தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அந்த அழுகை நிஜம்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அழுது முடித்ததும் அவர் நேராகப் போனது போலீஸ் ஸ்டேஷனுக்கு. "என்ற தம்பிக்கு என்னத்தையோ கலக்கிக் குடுத்துக் கொன்னு போட்டாளுங்க" என்று எழுதிக் கொடுத்தார். பிரேதத்தை அறுத்துப் பார்த்து, குடலையும் இதயத்தையும் எங்கோ பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அந்த அறிக்கை வர மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள்.

மூன்றாம் நாள் போலீஸ் வந்தது. கருமாதிக்குக்கூட இன்னும் நாள் குறிக்கவில்லை. அடுப்படி ஜன்னலில் பழைய பிராந்தி பாட்டிலில் கறை எடுக்கும் மருந்து இருந்தது. அதை ஒரு துணியில் சுற்றி எடுத்தார்கள். இன்ஸ்பெக்டர் அத்தையிடம் கேட்டார்: "கஷாயத்தை யாரும்மா கொண்டு போய்க் குடுத்தது?"

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"நாந்தானுங்க. என்ற கையாலதான் குடுத்தனுங்க" என்றாள் அத்தை.

துக்கத்தில் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவளை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். தெருவே நின்று பார்த்தது. தலைக்குக் குளித்து ஈரம்கூடக் காயவில்லை அவளுக்கு.

அப்பா ஸ்டேஷனுக்கு ஓடினார். அவர் இன்னொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். துணியில் ஒரு நூல் பிசகினால் கண்டுபிடித்துவிடுவார், காகிதம் என்றால் மட்டும் பயம். அவரை உட்காரவைத்து ஏதோ எழுதி, கீழே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். புருஷன் பெண்டாட்டிக்குள் ஓயாத சண்டை என்று அதில் இருந்தது வக்கீல் சொல்லித்தான் அவருக்கே தெரிந்தது.

உயில் எழுதச் சொன்ன அதே வக்கீல்தான். அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு அவர் ஆபீசுக்குப் போயிருந்தார்.

"படிச்சுப் பாக்காம கையெழுத்துப் போட்டீங்களாக்கும்?"

"போடலீன்னா உங்களையும் உள்ள வெப்போம்னாங்க."

"போலீஸ்ல நீங்க சொல்றதை அவங்க எழுதிக்கலாமுங்க. அதுல நீங்க கையெழுத்துப் போட வேண்டியதே இல்லை. சட்டமே அப்படித்தான்." வக்கீல் நெற்றியைத் தேய்த்தார். "சரி போகட்டும். உள்ள இருக்கற அம்மணி இனிமே யாரு எதைக் கேட்டாலும் வக்கீல் இல்லாம பேச வேண்டாம்னு சொல்லியனுப்பறேன்."

அப்பா அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டார். "அண்ணங்காரருக்கு அப்படி என்ன கோவமுங்க? தம்பி பொண்டாட்டிய ஜெயில்ல வெச்சுப் பாக்கறதுல என்னங்க ஆசை?"

"உயில் இல்லை. புள்ளை இல்லை. அப்பன் ஆத்தாளும் போய்ச் சேந்துட்டாங்க. இப்ப மொத்தச் சொத்தும் பொண்டாட்டிக்குத்தான். அண்ணனுக்கு ஒரு செங்கல்லுகூட இல்லீங்க. ஆனா கொன்னவங்களுக்குக் கொல்லப்பட்டவரு சொத்து போகாது. அம்மணி குத்தவாளின்னு ஆயிட்டா, அடுத்து வர்றது அண்ணன்தான்."

எனக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை. கொன்னவங்க என்ற ஒரு சொல் மட்டும் விளங்கியது. அங்கேயே விக்கி விக்கி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பண்டல் தட்டியது, சிந்தியது, தொட்டியில் மொண்டது, எல்லாவற்றையும்.

அப்பா அடிக்கக் கை ஓங்கினார், பிறகு அந்தக் கையாலேயே என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். வக்கீல் என் உயரத்துக்குக் குனிந்து, "தெரியாம செஞ்சது குத்தமில்லை சாமி. உன்னை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. நீ சொன்னது உங்கத்தைக்குத்தான் நல்லது" என்றார்.

காவலை நீட்டிக்க அத்தையைத் திருப்பூர் கோர்ட்டுக்குக் கொண்டு வந்த நாளில் நாங்கள் வராந்தாவில் காத்திருந்தோம். பதினைந்து நாளில் அவள் பாதியாகியிருந்தாள். பக்கத்தில் ஒரு பெண் போலீஸ். வக்கீல் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"கஷாயத்தைக் கொண்டு போனது புள்ளைதானாமா. வழியில சிந்திட்டுத் தொட்டித் தண்ணிய ஊத்தியிருக்குது. இதைச் சொல்லிட்டா கேசே மாறிப்போயிருங்க. விஷம் வெக்கறவ அதைக் கொழந்தை கையில குடுத்தனுப்புவாளான்னு நான் கேப்பேன். அறிக்கையில ஏதாச்சும் வந்தாக்கூட, அது தொட்டித் தண்ணியில இருந்ததுன்னு ஆயிரும்."

அத்தை என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் எழுத முடியவில்லை. கண் என் மேல் இருந்தது, ஆனால் அவள் பார்த்தது என் கையை.

"எந்தத் தொட்டி?" என்று மட்டும் கேட்டாள்.

"செக்கிங் தொட்டி" என்றேன்.

பெண் போலீஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். அத்தை வக்கீலிடம் திரும்பினாள். "நானேதானுங்க கொண்டு போய்க் குடுத்தேன். புள்ளை கெனாக் கண்டிருக்குது."

"அம்மணி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இது கொலைக் கேசு."

"யோசிச்சுத்தானுங்க சொல்றேன். அவ பேரு எந்தக் காகிதத்துலயும் வரக் கூடாது."

"இல்ல அத்தை, நாந்தான்! நீ பொய் சொல்ற!" என்று கத்தினேன். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்னை விளையாடக் கூப்பிட்ட, தன் தட்டிலிருந்தே சோறு ஊட்டிய அதே அத்தை, என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டு உள்ளே போய்விட்டாள். உண்மையைச் சொன்னால் வெளியே விடுவார்கள், இவள் ஏன் வர மாட்டேன் என்கிறாள்? என் மேல் அவ்வளவு வெறுப்பா?

வக்கீல் அவள் சொல்லை மீறவில்லை. விஷம் என்று எந்த அறிக்கையும் இன்னும் இல்லையே என்பதை மட்டும் வைத்து வாதாடி, கோயம்புத்தூர் கோர்ட்டில் ஜாமீன் வாங்கினார். அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். தினமும் காலையில் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து எனக்குத் தலை பின்னிவிடுவாள். ரொம்ப இறுக்கிப் பின்னுகிறாள் என்று நான் அம்மாவிடம் புகார் சொன்னேன்.

வந்த முதல் வாரத்தில் துணிமணி எடுக்க என்னையும் கூட்டிக்கொண்டு பூட்டிக் கிடந்த வீட்டுக்குப் போனாள். துணி எடுக்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டித் தண்ணீரைக் குடம் குடமாக மொண்டு சாக்கடையில் ஊற்றினாள். உள்ளே இறங்கித் தேங்காய் நாரால் மூலை முடுக்கெல்லாம் தேய்த்தாள். நானும் தேய்த்தேன். வேலை முடிந்ததும் இருவருக்கும் மூச்சு வாங்கியது. அத்தைக்குச் சுத்தம் ரொம்ப முக்கியம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்கு மாதம் கழித்து அறிக்கை வந்தது. குடலில் நஞ்சு எதுவும் இல்லை. இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருந்தது. கறியும் அல்ல, கஷாயமும் அல்ல, தொட்டித் தண்ணீரும் அல்ல. காலையிலிருந்து மாமா தடவிக்கொண்டிருந்த நெஞ்சுதான். கேஸ் கைவிடப்பட்டது. சேதி வந்த அன்று அத்தை என்னைப் பிடித்துக்கொண்டு ஊரே கேட்கும்படி அழுதாள். கேஸ் தீர்ந்த சந்தோஷம் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நம்பினேன். மாமாவின் அண்ணன் ஒருநாள் வந்து வாசலிலேயே நின்றார். அத்தை தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அத்தை மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. கம்பெனியை அவளே நடத்தினாள். போன வருஷம் காலமானாள். வக்கீலின் மகன் ஒரு கவரைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். பதிவு செய்த உயில். தன் ஆயுளுக்குப் பிறகு வீடும் கம்பெனியும் தன் அண்ணன் மகளான எனக்கு என்று எழுதியிருந்தாள். அது என்னை ஆச்சரியப்படுத்தவில்லை. தேதிதான் என்னை உட்காரவைத்துவிட்டது.

அது அறிக்கை வருவதற்கு இரண்டு மாதம் முந்தைய தேதி. கேஸ் முடியட்டும் என்று வக்கீல் சொல்லிப் பார்த்தாராம். "அவரும் அப்புறம் பாக்கலாம்னுதான் இருந்தாருங்க" என்று அத்தை பிடிவாதம் பிடித்தாளாம்.

அந்த இரண்டு மாதமும் அதற்கு முன்னும் என் கையால்தான் தன் புருஷன் செத்தான் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். நம்பிக்கொண்டேதான் தினமும் என்னை மடியில் உட்காரவைத்துத் தலை பின்னிவிட்டாள். நானோ அவள் எப்போது என்னோடு பழையபடி பேசுவாள், கோர்ட்டில் என்னைப் பொய்க்காரி ஆக்கியதற்கு எப்போது மன்னிப்புக் கேட்பாள் என்று காத்துக்கொண்டிருந்தேன்.