பூமிக்கு அடியில் நான் கட்டிய ஊர்

எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். ஓசூரை அடுத்த எங்கள் பாகலூரில் அது ஒரு பெரிய விஷயமே இல்லை. பால் ஊற்ற வருகிறவரிடம் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ், வீட்டுக்குள் தெலுங்கு. எந்த மொழியில் சண்டை போட்டோம் என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் நான் வேலை பார்க்கும் ஓசூர்த் தொழிற்சாலையில், வண்டி உதிரிபாகங்களைக் கடைசியாகச் சோதித்து அனுப்பும் எங்கள் பிரிவில், என்னைத் தவிர்த்த ஐந்து பெண்களும் தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். தெலுங்கு தெரிந்த நான் அவர்களுக்குப் பெரிய படிப்பாளி. அந்த நினைப்பை நானும் கலைக்கவில்லை.

அதனால்தான் போன வருடம் நாங்கள் ஆறு பேரும் ஆந்திராவுக்குச் சுற்றுலா போவது என்று முடிவானபோது, மொழிபெயர்க்கும் வேலை கேட்காமலே என் தலையில் விழுந்தது. எங்கள் லைன் லீடர் அக்கா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஐம்பதை நெருங்குகிறவர், கழுத்தில் ஜெபமாலை, குரலில் அதிகாரம், நல்ல ஆகிருதி. அவர்தான் கைப்பேசியில் படம் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுத்தார். காலையில் பேலும் குகைகள், மதியத்துக்கு மேல் கண்டிகோட்டா பள்ளத்தாக்கு. சனிக்கிழமை வேனில் கிளம்பி தாடிபத்திரியில் ஒரு லாட்ஜில் தங்கினோம். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எங்களோடு இருக்க ஒரு வழிகாட்டியை லாட்ஜ் மேலாளரே ஏற்பாடு செய்து தந்தார்.

வழிகாட்டி ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். சேலைக்கு மேல் தொப்பி, கையில் நீள டார்ச். தெலுங்கு தவிர வேறு எதுவும் தெரியாது என்று முதல் நிமிடத்திலேயே தெலுங்கில் சொல்லிவிட்டார்.

"கவலப்படாத, எங்ககிட்ட ஆள் இருக்கு" என்று லைன் லீடர் அக்கா அவரிடம் தமிழில் சொல்லி, என் முதுகில் தட்டினார்.

குகைக்குள் போவது ஒரு கிணற்றுக்குள் இறங்குவது மாதிரி இருந்தது. சுற்றிலும் சமமான வயல்வெளி. நடுவில் ஒரு பெரிய குழி, அதில் இரும்புப் படிக்கட்டு. உள்ளே ஜில்லென்று இருக்கும் என்று நினைத்துப் போனோம். இறங்கிய ஐந்தாவது நிமிடம் எல்லோர் முதுகும் நனைந்துவிட்டது. வார்ப்பு உலைப் பக்கம் வேலை பார்க்கிறவர்கள் இதைவிடப் பரவாயில்லை என்று ஒருத்தி முணுமுணுத்தாள். மேலேயிருந்து குழாய் வழியாகக் காற்று ஊதிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் விளக்கில் பாறைகள் யானைத் தோல் மாதிரி மடிப்பு மடிப்பாகத் தொங்கின.

வழிகாட்டி அம்மா பேச ஆரம்பித்தார்.

எங்கள் வீட்டுத் தெலுங்கு என்பது சாப்பாடு, மாடு, மாமியார், பஸ் ஆகியவற்றைப் பற்றியது. அந்த அம்மா பேசியதோ பாடப்புத்தகத் தெலுங்கு. பல தடவை சொல்லிச் சொல்லி மனப்பாடமானது. ஏதோ லட்சம் வருடம், தண்ணீர், சுண்ணாம்பு என்பது வரை பிடித்தேன். மற்றதெல்லாம் ரயில் மாதிரி காதைத் தாண்டிப் போனது. கடைசியில் 'பிக்ஷுவுலு' இங்கே இருந்தார்கள் என்றார். பிக்ஷம் என்றால் பிச்சை. அது தெரியும். ஆக, பிக்ஷுவுலு?

"என்னட்டி சொல்லுதா?" என்றார் லைன் லீடர் அக்கா.

"லட்சம் வருஷத்துக்கு முந்தி தண்ணி அரிச்சு உண்டானதாம்க்கா. அப்பறம் இதுக்குள்ள பிச்சைக்காரங்க இருந்தாங்களாம்."

"பிச்சக்காரவளா? இந்தக் குழிக்குள்ள இருந்து யாருகிட்ட பிச்ச எடுப்பாவ?"

நியாயமான கேள்வி. அந்த நேரத்தில் "தெரியல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நாள் வேறு மாதிரி போயிருக்கும். ஐந்து ஜோடிக் கண்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. வாய் தானாகத் திறந்தது.

"ஊர்க்காரங்ககிட்டதான். உள்ளுக்குள்ளயே ஒரு ஊர் இருந்துச்சாம்க்கா."

"பூமிக்கு அடியிலயா?"

"ஆமாங்க்கா. மேல ஒரே சண்டையாம். அதனால ராஜா எல்லாரையும் கீழ கூட்டிட்டு வந்துட்டாராம்."

அப்படித்தான் அந்த ஊர் பிறந்தது. அதன்பின் அதை நிறுத்த என்னால் முடியவில்லை. ஒவ்வொரு கூடமாக வழிகாட்டி அம்மா நின்று டார்ச் அடித்து இரண்டு வாக்கியம் சொல்வார். நான் அந்தக் கூடத்தைப் பார்த்து, இது என்னவாக இருந்திருக்கும் என்று அவசரமாக யோசிப்பேன். அகலமான இடம் கல்யாண மண்டபமானது. விழுது விழுதாகக் கல் தொங்கிய இடத்தில் சாயம் போட்ட நூலைக் காயவைத்தார்கள். இன்னொரு கூடத்தில் அந்த அம்மா பாறைத் தூண்களை விரல் முட்டியால் தட்டினார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தம் கொடுத்தது. எல்லோரும் வாய்பிளந்து நின்றோம்.

"இது என்னதுக்குப்ளா?"

"ஷிப்ட் மணிக்கா. உள்ள சூரியன் தெரியாதுல்ல. இந்த மணி அடிச்சா வேலைக்குப் போகணும், அந்த மணி அடிச்சா சாப்பிட வரணும்."

"அப்பவே மூணு ஷிப்டா! பாவம்ட்டி" என்று லைன் லீடர் அக்கா உச்சுக் கொட்டினார். ஒருத்தி அந்தக் காலத்தில் பெண்களுக்கு ராத்திரி ஷிப்ட் உண்டா என்று கேட்கச் சொன்னாள். நான் வழிகாட்டி அம்மாவிடம் தெலுங்கில், "இன்னும் எவ்வளவு தூரம் நடக்கணும்?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை வாங்கி, "பொம்பளைங்களுக்கு ராத்திரி ஷிப்ட் கிடையாதாம்" என்றேன். எல்லோருக்கும் ராஜாவின் மேல் மரியாதை வந்துவிட்டது.

வழிகாட்டி அம்மா என்னைக் கொஞ்ச நேரமாக உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு மூச்சில் சொன்னதை நான் ஐந்து நிமிடம் சொல்வது அவருக்கு வியப்பாக இருந்திருக்கிறது.

"மீ அரவம் இந்த பொடுகா?" என்று கேட்டார். உங்கள் தமிழ் இவ்வளவு நீளமா என்று.

"ரொம்ப நீளம்" என்று தெலுங்கில் ஒப்புக்கொண்டேன்.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷமாகவும் இருந்தது. நாள் முழுக்க மற்றவர்கள் செய்த பொருளைக் கையில் எடுத்து, அளந்து, சரி தப்பு சொல்லி அனுப்புவதுதான் என் வேலை. அன்றைக்கு முதல் தடவையாக நானே ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன்.

குகையின் கடைசியில், எல்லாவற்றையும்விட ஆழத்தில், பாதாளகங்கை என்று ஒரு நீரூற்று இருக்கிறது. அதற்குப் போகும் வழி குறுகலானது. இரண்டு பக்கமும் பாறை தோளை உரசும், மேலே தலையை இடிக்கும். முன்னால் நான்கு பேர் போய்விட்டார்கள். லைன் லீடர் அக்கா வாயிலில் போய் நின்றவர் அப்படியே நின்றுவிட்டார். திரும்பிப் பார்த்த முகத்தில் நிறமே இல்லை.

"நான் வரலட்டி. எனக்கு மூச்சு முட்டுது."

தொழிற்சாலையில் மேலாளரையே நிற்கவைத்துக் கேள்வி கேட்கிறவர். அவர் பின்வாங்கி நான் பார்த்தது அன்றுதான். வழிகாட்டி அம்மா திரும்பி வந்து, "தல வஞ்சண்டி, மெல்லகா ரண்டி" என்றார். தலை குனிந்து மெதுவாக வாருங்கள் என்று அர்த்தம். அது எனக்கு நன்றாகவே புரிந்தது.

"என்ன சொல்லுதா?"

"இந்த வழியாத்தான் ராணி தினமும் குளிக்கப் போவாங்களாம்க்கா."

"அவ ஒல்லியா இருந்திருப்பா."

"இல்லியாம். ராணி நல்ல உடம்பாம். உங்கள மாதிரியே இருப்பாங்களாம். அப்படியும் ஒரு நாள்கூட மாட்டிக்கிட்டதே இல்லியாம்."

"இத அவளா சொன்னா?"

"அவங்கதான் சொன்னாங்க."

லைன் லீடர் அக்கா வழிகாட்டியைப் பார்த்தார். அந்த அம்மா நல்லெண்ணத்தோடு தலையை ஆட்டினார். அக்கா ஜெபமாலையை வாயில் கவ்விக்கொண்டு, "மாதாவே" என்று முனகி, பக்கவாட்டில் நடந்து உள்ளே நுழைந்தார். நான் பின்னால் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனேன். அந்தப் பக்கம் வெளியே வந்ததும் ஊற்றுத் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். பிறகு ராணி மாதிரியே நிமிர்ந்து நின்று போட்டோ எடுக்கச் சொன்னார்.

மதியம் ஒரு மெஸ்ஸில் பருப்பும் கோங்குரா என்னும் புளிச்சக்கீரைச் சட்னியுமாகச் சாப்பிட்டுவிட்டுக் கண்டிகோட்டாவுக்குப் போனோம். வேன் டிரைவர் அத்திப்பள்ளிக்காரர், கன்னடர்; ஆந்திராவுக்கு வண்டி ஓட்டித் தெலுங்கும் பழகியவர். காலையில் குகைக்கு வராமல் வண்டியில் தூங்கியவர், பள்ளத்தாக்கைப் பார்க்க எங்களோடு நடந்து வந்தார். கோட்டை வாசலைத் தாண்டி, உருண்டு கிடக்கும் செம்பாறைகளின் மேல் தவழ்ந்து ஏறினால், திடீரென்று தரை முடிந்துவிடுகிறது. கீழே வெகு ஆழத்தில் பெண்ணாறு பச்சையாக வளைந்து போகிறது. அதன் இரு கரையும் செங்கல் அடுக்கியது மாதிரிச் செங்குத்துச் சுவர். எல்லோரும் கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார்கள். எனக்கு அதில் ஒரு நிம்மதி, மொழிபெயர்க்க வேண்டியதில்லையே என்று.

லைன் லீடர் அக்காவுக்கு ராணி மனதைவிட்டுப் போகவில்லை. நான் செருப்புக்குள் போன கல்லைத் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில் டிரைவரைக் கூப்பிட்டுவிட்டார்.

"தம்பி, உனக்கும் தெலுங்கு வரும்லா? அந்த ராணி பேரு என்னன்னு கேளு."

டிரைவர் கேட்டார். வழிகாட்டி அம்மா புருவத்தைச் சுருக்கினார்.

"ராணி எவரு?"

"எந்த ராணின்னு கேக்குறாங்க மேடம்."

"குகைக்குள்ள இருந்தால்லா, பூமிக்கு அடியில உள்ள ஊர்ல, அந்த ராணி."

டிரைவர் அதையும் பொறுப்பாகச் சொன்னார். அந்த அம்மா நிறையப் பேசினார். டிரைவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

"உள்ள ஊரே இல்லியாம் மேடம். ராணியும் இல்ல. புத்த சாமியாருங்க மட்டும் தங்கி தியானம் பண்ணாங்களாம். அதுக்குத்தான் வெளிய பெரிய புத்தர் சிலை வெச்சிருக்காங்களாம்."

அந்தச் சிலைக்கு முன்னால் காலையில் ஆறு பேரும் வரிசையாக நின்று போட்டோ எடுத்திருந்தோம். பிக்ஷுவுலு என்றால் பிக்குகள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆற்றைப் பார்த்தேன்.

"அப்ப ஷிப்ட் மணி?" என்றாள் ஒருத்தி.

"அதுவும் நான்தான்."

லைன் லீடர் அக்கா என் அருகில் வந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்போ நான் நல்ல உடம்புன்னு சொன்னது யாருட்டி?"

"நான்தாங்க்கா."

அவர் போய் ஒரு பாறையில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். மற்ற நான்கு பேரும் சிரிப்பை அடக்க முடியாமல் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மன்னிப்பு கேட்டேன். எனக்குத் தெரிந்தது அரைகுறைத் தெலுங்குதான், நீங்கள் எல்லோரும் நம்பியிருந்ததால் சொல்லக் கூச்சமாக இருந்தது என்றேன்.

"லைன்ல ஒரு பீஸு சரியா தப்பான்னு சந்தேகம் வந்தா என்ன செய்வ?"

"மஞ்சள் தட்டுல வைப்பேங்க்கா."

"பாஸ் பண்ணி அனுப்புவியா?"

"மாட்டேன்."

"பின்ன? தெரியாத வார்த்தைய மஞ்சத் தட்டுல வையி. எந்திரி. போய் அவகிட்டயும் மன்னிப்பு கேளு. இனிமே ஒழுங்கா சொல்லு."

வழிகாட்டி அம்மாவிடம் போனேன். நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்று டிரைவர் வழியாக அவருக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது. கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அந்த ஊரில் சமையலறை எந்தக் கூடத்தில் இருந்தது என்று கேட்டார். சொன்னேன். அங்கே வைக்க முடியாது, புகை போக வழியில்லை, காற்றுத் துளை இருக்கும் கூடத்துக்கு மாற்று என்றார்.

அதற்குப் பிறகு பள்ளத்தாக்கைப் பற்றி அவர் சொன்னதை நான் சொன்ன விதம் இப்படி இருந்தது: "இந்த ஆறு பல லட்சம் வருஷமா பாறைய அறுத்துச்சாம். அறுத்ததால, ஒரு மஞ்சத் தட்டு, அப்பறம் ரெண்டு பக்கமும் மஞ்சத் தட்டு மாதிரி நிக்குதாம்." ஐந்து பேரும் ஆளுக்கொரு வார்த்தையை ஊகித்தார்கள். டிரைவர் கன்னடத்தை வைத்துச் சிலதைச் சரிசெய்தார். காலையில் என் கதையைக் கேட்டதைவிட இப்போது எல்லோரும் அதிகமாகப் பேசினார்கள். எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.

ஒரே ஓர் இடத்தில் என் தெலுங்கு தலை நிமிர்ந்தது. 'கண்டி' என்றால் என்ன என்று லைன் லீடர் அக்கா கேட்டார். டிரைவர் விழித்தார். எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் மழைக்கு ஏரிக்கரை உடைத்துக்கொண்டால் வீட்டில் அப்படித்தான் சொல்வோம், ஏரிக்குக் கண்டி விழுந்துவிட்டது என்று.

"உடைப்புக்கா. மலையில தண்ணி போட்ட உடைப்பு. அந்த உடைப்பு மேல கட்டுன கோட்டை. அதான் கண்டிகோட்டா."

"இது நெசமா?"

"நெசம்க்கா. பாஸ் பண்ணுங்க."

வழிகாட்டி அம்மா "கரெக்ட்டு" என்றார். லைன் லீடர் அக்கா எழுந்து வந்து, விளிம்பிலிருந்து இரண்டடி தள்ளி நின்று, என் தோளைப் பிடித்துக்கொண்டு அந்த உடைப்பை வெகுநேரம் எட்டிப் பார்த்தார். வெயில் சாய்ந்து பாறையெல்லாம் இன்னும் சிவந்தது.

திரும்பும் வழியில் ஜம்மலமடுகில் வழிகாட்டி அம்மாவை இறக்கிவிட்டு, டீக்கடையில் நின்றோம். கடைக்காரர் பாத்திரத்தைக் கழுவியபடி என்னவோ சொன்னார். ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"பால் வர பத்து நிமிஷம் ஆகுமாம்" என்றேன்.

லைன் லீடர் அக்கா டிரைவர் பக்கம் திரும்பினார். அவர் ஆமாம் என்று தலையாட்டிய பிறகுதான் பெஞ்சில் உட்கார்ந்தார்.