ஓடையில் போன பெட்டி

சமீபத்தில் ஒருநாள் காலை, நான் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் மண் சலிக்கும் சல்லடையோடு. என் வயதுக்காரர்கள் அந்த நேரத்தில் வாக்கிங் போவார்கள்.

கரையில் மாடு பிடித்துக்கொண்டு போன ஒருவர் நின்று பார்த்தார்.

"என்ன சார், மோதிரமா?"

"இல்ல... பெட்டி."

"பணப் பொட்டியா?"

"ஃபோர் வீல் டிரைவ் கன்ட்ரோல் மாட்யூல்."

அவர் மாட்டைப் பார்த்தார். மாடு என்னைப் பார்த்தது.

"மேற்க கருக்குது. செத்த நேரத்துல தண்ணி வந்துரும், ஏறிருங்க சார்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். பைத்தியக்காரனோடு அதிகம் பேசக்கூடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நான் ஏன் அங்கே நின்றேன்?

என் மனைவியின் தம்பி செல்வராசு. திருப்பூரில் பனியன் கம்பெனியில் பல வருடம் தேய்ந்துவிட்டு, போதும் என்று ஊர் திரும்பியவன். திண்டுக்கல் பக்கத்து ஆத்தூருக்கு அப்பால் மலையடிவாரத்தில் குத்தகைக்கு நிலம் பிடித்தான். தக்காளி போட்டான். தோட்டத்திலேயே தகர ஷீட் போட்ட வீடு. வீட்டுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் ஒரு ஓடை. பாலம்? இருக்கிறது... கோப்பில்.

அதனால்தான் ஃபோர் வீல் பிக்கப் வாங்கினான். சாதாரண வண்டியில் பின்சக்கரம் மட்டும்தான் தள்ளும். சேற்றில் மாட்டினால் அது தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும். இந்த வண்டியில் ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் ஒரு திருகைத் திருப்பினால் முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும். திருகின் உத்தரவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது ஒரு சின்னப் பெட்டி. அலுவலகத்தில் தபால் பிரிவு மாதிரி. அது படுத்துவிட்டால் மேலே இருப்பவர் எவ்வளவு கத்தினாலும் கீழே ஒருவனும் அசைய மாட்டான்.

படுத்துவிட்டது. சரியாக இந்த மழையில்.

சென்ற இரண்டு வெள்ளாமையும் விலை இல்லாமல் பறிக்காமலே உழுதுவிட்டான். இந்த முறை மற்ற ஊர்களில் எல்லாம் மழையில் அழுகி, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் விலை ஏறிக்கொண்டிருந்தது. "இத மட்டும் எடுத்துட்டா நிமிந்துருவேன் மாமா. இல்லாட்டி மறுபடியும் திருப்பூருதான்" என்று போனில் சொன்னவன், மறுநாள் ஓடையில் திருகைத் திருப்பியிருக்கிறான். நின்று எரிய வேண்டிய பச்சை விளக்கு மினுக் மினுக்கென்று கண்ணடித்தது. பின்சக்கரம் புதைந்தது. வழியில் போன டிராக்டர்காரர் கட்டி இழுத்து, ரோட்டோரம் விட்டுவிட்டு, விதைப்புக்கு நேரமாகிறது என்று ஓடிவிட்டார். ஈரம் காய்வதற்குள் விதைக்க வேண்டும். சுற்றுவட்டாரத்தில் ஒரு டிராக்டரும் சும்மா இல்லை.

ஆக, ஓடைக்கு இந்தப் பக்கம் வண்டி. அந்தப் பக்கம் தக்காளி. தக்காளி யாரையும் கேட்காமல் பழுத்துக்கொண்டிருக்கிறது.

முதலில் திண்டுக்கல்லில் இருந்து மெக்கானிக் காதர் பாய் வந்தார். பாய்க்குத் தயக்கம் என்பது கிடையாது. சீட்டுக்கு அடியில் கையை விட்டுப் பெட்டியைக் கழற்றி, செல்வராசுக்கும் அவன் மனைவிக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டினார். "எல்லாக் கேடும் இந்தப் பொட்டிக்குள்ளதாம்மா இருக்கு!" காயலான் கடையில் உடைத்த வண்டியின் பெட்டி ஒன்று அவரிடம் இருந்தது. "ஒரே கம்பெனி, ஒரே மாடல். மாட்டுனா பறக்கும் பாருங்க" என்று மாட்டினார். வண்டி அதை ஏற்கவில்லை. இந்த மாதிரிப் பெட்டி ஒவ்வொன்றும் ஒரு வண்டிக்குப் பதிவானது. அடுத்த வீட்டு ரேஷன் கார்டில் அரிசி வாங்க முடியாது. மீட்டரில் இருந்த விளக்குகள் எல்லாம் திருவிழா போல எரிந்தன. பாய் தன் பெட்டியைக் கழற்றிக்கொண்டு, பழுதான பெட்டியை ஒரு பாலித்தீன் பையில் போட்டுச் செல்வராசு கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

அப்போதுதான் நான் நுழைந்தேன். வாசகர்களுக்கு என்னைத் தெரியும். எதையும் முறைப்படி செய்ய வேண்டும் என்பவன். வாரண்டி இருக்கும்போது காயலான் கடை எதற்கு? நேராகக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனேன். டை கட்டிய சூப்பர்வைசர் எழுந்து நின்று பேசினார். புதுப் பெட்டி இலவசம். ஸ்டாக்கில் ஒன்று இருக்கிறது. அதை இந்த வண்டிக்குப் பதிவு செய்யும் லேப்டாப்காரரும் மதுரையில் இருந்து அன்றைக்கு வந்திருக்கிறார். பாய் கழற்றியதைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இத்தனை நல்ல சகுனங்கள் ஒரே நாளில் கூடினால் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

"பழைய யூனிட்டை மட்டும் சரண்டர் பண்ணிருங்க சார். இல்லாட்டி புதுசு ரிலீஸ் ஆகாது. அது ப்ரொசீஜர்."

அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு எதிர்ப்பேச்சு வராது. செல்வராசுக்கு போன் போட்டேன்.

"வண்டிய எடுத்துட்டு வாடா. பழைய பெட்டியையும் மறக்காம கொண்டா."

"மாமா... அது இல்ல."

"இல்லன்னா?"

"நீங்க இவகிட்டயே கேளுங்க."

போன் அவன் மனைவி வளர்மதியின் கைக்குப் போனது.

"அண்ணே, அது சனியன்ணே. பாயே சொன்னாருல்ல, எல்லாக் கேடும் அதுக்குள்ளதான் இருக்குன்னு. நேத்து வெள்ளிக்கிழமை. ஒரு எலுமிச்சம்பழத்தோட சேத்து, வண்டிய மூணு சுத்து சுத்தி ஓடயில விட்டுட்டேன். ஓடுற தண்ணியில விட்டா பீடை போயிரும்ல?"

"போயிருச்சும்மா" என்றேன். "வாரண்டியும் கூடவே போயிருச்சு."

யோசித்துப் பார்த்தால் அவள் செய்ததில் தப்பு எங்கே இருக்கிறது? கேடு எதில் இருக்கிறது என்று படித்த மெக்கானிக்கே சுட்டிக்காட்டிவிட்டார். கேட்டை ஓடும் தண்ணீரில் விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவளும் முறைப்படிதான் செய்திருக்கிறாள். இரண்டு முறைகள் ஒன்றுக்கொன்று அறிமுகம் ஆகாமல் இருந்ததுதான் சிக்கல்.

அதனால்தான் சல்லடை. நானும் செல்வராசும் வளர்மதியும் ஓடையைத் துழாவினோம். ஒற்றைச் செருப்பு கிடைத்தது. யாரோ போட்ட பித்தளைச் சொம்பு கிடைத்தது. அந்த எலுமிச்சம்பழம்கூட வேரில் சிக்கிக் கிடைத்தது. பெட்டி கிடைக்கவில்லை.

விடுவேனா? பொருள் தொலைந்தால் காவல் நிலையத்தில் சான்று வாங்கலாம் என்பது எனக்குத் தெரியும். ஏட்டய்யா பொறுமையாகக் கேட்டார்.

"தொலஞ்சுச்சா, களவு போச்சா?"

"ரெண்டும் இல்ல. தண்ணியில விட்டுட்டாங்க."

"யாரு?"

"வண்டிக்காரர் சம்சாரம்."

அவர் பேனாவை மூடினார். "தொலச்சதுக்குத் தருவோம் சார். நம்மளே தூக்கிப் போட்டதுக்கு இங்க சீட்டு கெடையாது."

சரியான பதில். அவர் நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

பிறகு காசு கொடுத்தே வாங்குவது என்று முடிவானது. ஆனால் ஸ்டாக்கில் இருந்த பெட்டி அதற்குள் வேறு யாருக்கோ போய்விட்டது. எங்களுடையது சென்னையில் இருந்து வர வேண்டும். வந்தது. அது வந்தபோது லேப்டாப்காரர் மதுரைக்குப் போயிருந்தார். அவரும் வந்தார். நடுவில் மழை மட்டும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

அந்த நாட்களில் செல்வராசும் வளர்மதியும் தக்காளியைத் தலைச்சுமையாகவே பெட்டி பெட்டியாகத் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டினார்கள். இடுப்பளவு தண்ணீர் வந்த அன்று அதுவும் நின்றது. கொண்டுபோய்ச் சேர்த்ததையும் மண்டிக்காரர் கையால் புரட்டிப் பார்த்துவிட்டு, "வெடிச்ச பழத்த யாருண்ணே எடுப்பா?" என்றார். மழைநீர் குடித்த தக்காளி செடியிலேயே வாய் பிளந்துவிடும். கடைசியில் பக்கத்துத் தோட்டத்து ஆடுகளை உள்ளே விட்டார்கள். ஆடுகள் ஒரு குறையும் சொல்லவில்லை.

செல்வராசு அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அவளைக் கொன்றது. ஒருநாள் என்னிடம் வந்து நின்றாள்.

"அண்ணே... நாந்தான் கெடுத்தேனா?"

எல்லாவற்றுக்கும் விதி எண் சொல்லக்கூடியவன் நான். "மழைம்மா" என்றேன். அவள் நம்பவில்லை. நம்பியது போலத் தலையை மட்டும் ஆட்டினாள்.

நேற்று வண்டி தயாரானது. நானும் கூடப் போனேன். ஓடைக்கரையில் செல்வராசு திருகைத் திருப்பினான். பச்சை விளக்கு ஆடாமல் அசையாமல் நின்று எரிந்தது. வண்டி சேற்றுக்குள் இறங்கி, ஒரு முனகல்கூட இல்லாமல் அந்தப் பக்கம் ஏறியது.

"என்னா இழுவை பாத்தீகளா மாமா!" என்றான். முகமெல்லாம் சிரிப்பு. அப்புறம் எதற்கு வந்திருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சிரிப்பை நிறுத்திவிட்டு எஞ்சினை அணைத்தான்.

கட்டில், பீரோ, மிக்சி, கேஸ் அடுப்பு, சுருட்டிய பாய். வளர்மதி ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கொடுக்க, அவன் ஏற்றினான். குத்தகையை விட்டாயிற்று. பனியன் கம்பெனியில் பேசியாயிற்று. தக்காளிக்காக வாங்கிய வண்டி, பழுது பார்த்தபின் அந்தத் தோட்டத்தில் இருந்து தூக்கிய முதல் சுமை அதுதான். ஓடையைத் திரும்பவும் தாண்டும்போது சொட்டுத் தண்ணீர்கூட பீரோவில் படவில்லை.

புதுப் பெட்டிக்குத் தனியாக வாரண்டி உண்டு என்று சூப்பர்வைசர் சொன்னார்... திருப்பூர் வரைக்கும் நல்ல தார் ரோடு.