நான் அனுப்பாத ஸ்கேன்

என் தம்பி முரளிக்குக் கண் போனது குடியால் அல்ல. என்னால்!

இன்னும் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். அவன் தலைக்குள் ஒரு கட்டி வளர்ந்துகொண்டிருந்தது. அதன் படம் என் கணினியில் இருந்தது. நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியவருக்கு அனுப்பவும் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு, குடித்த குடியால்தான் அந்தக் கட்டி வந்தது என்று அவனிடமே பொய் சொன்னேன். அந்தப் பொய்யை அவன் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறான்.

நீங்கள் என்னைத் திட்டலாம். முழுவதும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்...

நான் மூளை ஆராய்ச்சி செய்கிறவள். குடிக்கு அடிமையானவர்களின் மூளையில் ஆசை எப்படிச் செய்தியாக ஓடுகிறது என்பது இப்போதைய ஆய்வு. அதற்கு முன் முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்டது எதைத் தெரியுமா? பிட்யூட்டரியை! மூளைக்கு அடியில், எலும்புக் குழிக்குள், பட்டாணி அளவில் உட்கார்ந்திருக்கும் சுரப்பி அது. அதில் கட்டி வந்தால் உடம்பு எப்படியெல்லாம் தளரும், கண் நரம்பு எப்படி நசுங்கும் என்று பக்கம் பக்கமாக எழுதியவள் நான். வெட்கக்கேடு!

அப்பாவுக்கு ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை. நானும் முரளியும் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள். நான் படித்துக்கொண்டே போனேன். அவன் படிப்பை விட்டுவிட்டு அம்பத்தூர் பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டப் போனான். ஸ்டாண்டில் பழகிய பேச்சு வாயில் ஒட்டிக்கொண்டது. குடியும் அங்கேதான் வந்தது. கலாவைக் கட்டிக்கொண்டு சில வருடங்கள் கழித்து, அவனாகவே ஒருநாள் நிறுத்தினான். எப்படி நிறுத்தினான்? குடியைப் பற்றியே ஆராயும் நான் அதை அவனிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

என் ஆய்வுக்கு வருகிறவர்கள் எல்லோரும் குடியை நிறுத்தியவர்கள். ஸ்கேன் எந்திரத்தில் படுக்க வைத்து, பாட்டில் படங்களைக் காட்டி, மூளையில் எந்த இடம் துள்ளுகிறது என்று பார்ப்போம். ஒருநாள் வருவதாகச் சொன்னவர் வரவில்லை. எந்திரம் சும்மா கிடந்தது. இன்னொரு நாள் கிடைக்க எத்தனை காலம் காத்திருக்க வேண்டுமோ! நான் முரளிக்குப் போன் செய்தேன். சொந்தக்காரர்களைச் சேர்க்கக் கூடாது என்பது எங்கள் விதி.

“நாம அக்கா தம்பினு அங்க யார்கிட்டயும் மூச்சு விடாதடா. ஸ்கேன் எடுத்ததயே வீட்லகூட சொல்லாத. என் வேலை போயிடும்” என்றேன்.

“அட, நீ வேறக்கா... தலைய நீட்டணும், அவ்ளோதான? நீட்டிட்டாப் போச்சு!” என்று சிரித்துக்கொண்டே வந்தான்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்கு ஸ்கேன் எடுத்தாலும், அசல் படம் முதலில் ஒரு கதிரியக்க மருத்துவருக்குப் போகும். எதிர்பாராத நோய் ஏதும் தலைக்குள் தெரிகிறதா என்று அவர் பார்த்துச் சொல்வார். அவருக்குப் பெயரோடு அனுப்ப வேண்டும். அவரோ எங்கள் வீட்டுக்கு வந்து போகிறவர். முரளியின் பெயரைப் பார்த்தால் என் திருட்டுத்தனம் வெளுத்துவிடும். அதனால் அந்த ஒரு படத்தை மட்டும் நான் அனுப்பவில்லை. அவ்வளவுதான்... அவ்வளவேதான்!

நீயே பார்த்திருக்கலாமே என்கிறீர்களா? ஆய்வுக்கு முன் எங்கள் மென்பொருள், இளநீர் சீவுவதுபோல, தோல், எலும்பு, கண் எல்லாவற்றையும் சீவி எறிந்துவிட்டு மூளையை மட்டும் கையில் கொடுக்கும். எலும்புக் குழிக்குள் கிடக்கும் பிட்யூட்டரியும் அந்தக் கழிவோடு போய்விடும். அசல் படத்தைத் திறப்பது ஒரு நிமிட வேலை. நான் திறக்கவில்லை. தேடியது மிச்சத்திலேயே கிடைத்துவிட்டதே! பாட்டிலைக் கண்டதும் முரளியின் ஆசை மையம் கொழுந்துவிட்டு எரிந்திருந்தது. இவன் மறுபடியும் குடிப்பான் என்று அன்றைக்கே முடிவுகட்டிவிட்டேன்.

சில மாதங்கள் போயின. கலா போன் செய்தாள்.

“அண்ணி, அவரு ஒரு மாதிரியா கீறாரு. காலைல எழுந்துக்கவே மாட்டேங்கிறாரு. துன்னா வாந்தி. நெலப்படில போய் இடிச்சிக்கிறாரு. ஆட்டோவ ரெண்டு பக்கமும் தேச்சிக்கினு வர்றாரு. வாசன ஒண்ணும் வரல அண்ணி... ஆனா எனக்கு பயமா கீது.”

“வாசனை வராம குடிக்க ஆயிரம் வழி இருக்கு, கலா” என்றேன். படித்தவள் சொன்னதை அவள் அப்படியே நம்பினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கள்ளிக்குப்பத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகம் வெளிறியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

“குடிக்கலக்கா. அம்மா மேல சத்தியம். இரு, ஊதிக் காட்றேன், மோந்து பாரு!”

எழுந்து வந்தவன், முழங்கைக்குப் பக்கத்தில் இருந்த காபி டம்ளரைத் தட்டிவிட்டான். அது அங்கே இருந்ததே அவனுக்குத் தெரியவில்லை. பக்கப் பார்வைதான் முதலில் போகும்... நான் எழுதிய வரி அது! என் கண்ணெதிரே, என் தம்பியின் உடம்பில், நான் எழுதிய வரி! எனக்கோ தள்ளாடும் குடிகாரன் மட்டுமே தெரிந்தான்.

கலா தரை துடைக்கத் துணி எடுக்கப் போனாள். முரளி என் முகத்தருகே வந்து ஊதினான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“உன் வாய் சொல்றது எனக்கு வேணாம்டா. உன் மூளைய நான் பாத்தாச்சு.”

அவன் ஊதுவதை நிறுத்திவிட்டுப் பின்னால் நகர்ந்தான். ‘இவ்வளவு பெரிய படிப்பு படித்த அக்கா தப்பாகவா சொல்வாள்?’ என்று அந்த நேரத்தில் தன்மேலேயே சந்தேகப்பட்டிருப்பானோ... அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

வெள்ளானூர் பக்கம் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் நான்தான் ஏற்பாடு செய்தேன். முரண்டு பிடிக்காமல் வண்டியில் ஏறினான். அடுத்த வாரம் அங்கிருந்து ஒருவர் கூப்பிட்டார்.

“மேடம், தலை வெடிக்குதுன்னு கத்துறாரு. வாந்தி நிக்கல. கண்ணு மங்குதுன்றாரு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?”

“குடிய நிறுத்தினா ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும். நடிக்கவும் செய்வான். விட்டுப் பிடிங்க” என்றேன்.

கேட்டீர்களா? அவர் ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா என்றுதான் கேட்டார். வேண்டாம் என்றவள் நான்! கட்டிக்குள் ரத்தம் கசிந்து கண் நரம்பை நெரித்துக்கொண்டிருந்த நேரம் அது. அன்றைக்கே போயிருந்தால் பார்வை கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும்.

பார்க்க அனுமதிக்கும் நாளில் கலா போனாள். அவள் நீட்டிய ஆரஞ்சுப் பழத்தை அவன் காற்றில் துழாவினான். அவள் போட்ட கூச்சலில்தான் ஆட்டோ வந்தது, அரசு மருத்துவமனைக்குப் போனார்கள், எனக்கும் சேதி வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் கட்டிலருகே நின்றுகொண்டிருந்தார்.

“ரொம்ப நாளா வளர்ந்த கட்டிங்க. இதுக்கு முன்னாடி தலையில ஸ்கேன் ஏதாவது எடுத்திருக்கீங்களா?” என்று முரளியிடம் கேட்டார்.

நான் கலாவிடம் பேசிய குரலை வைத்து நான் வந்திருப்பதை அவன் தெரிந்துகொண்டிருந்தான். நான் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினான்.

“இல்ல சார். எடுத்ததே இல்ல” என்றான்.

என் வேலையைக் காப்பாற்றினான்! கண் தெரியாமல் கிடந்தபோதும், என்றோ நான் கேட்டதை மறக்காமல் காப்பாற்றினான். நானும் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அசல் படத்தைத் திறந்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நடுவில், எலும்புக் குழி கொள்ளாமல் மேலே பிதுங்கிக்கொண்டு... யாருக்கும் தெரியும். முதலாண்டு மாணவிக்குக்கூடத் தெரியும்!

அறுவை சிகிச்சையில் உயிர் பிழைத்தான். பார்வை திரும்பவில்லை. மருத்துவமனை வராந்தாவில் கலா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எப்டி அண்ணி வந்துச்சு அந்தக் கட்டி? அவருதான் குடிக்கவே இல்லையே... பாவி, நானும் நம்பலையே அவர!”

அப்போது சொல்லியிருக்கலாம். அதைவிட நல்ல தருணம் எனக்கு வாய்த்திருக்காது. ஆனால் நான் சொன்னது என்ன? “பழைய குடிதான் கலா. நிறுத்தினாலும் உள்ள இருந்து வேலைய காட்டியிருக்கு.” குடியால் அந்தக் கட்டி வருவதில்லை. அது எனக்குத் தெரிந்த அளவுக்கு இந்த ஊரில் அதிகம் பேருக்குத் தெரியாது. தெரிந்தே சொன்னேன். முரளிக்கு நினைவு தெளிந்ததும் அவனிடமும் சொன்னேன். அவன் கட்டுப்போட்ட முகத்தோடு, “என்னால உங்களுக்குலாம் எவ்ளோ கஷ்டம்க்கா... மன்னிச்சிடு” என்றான். என்னிடம்!

ஏன் இன்னும் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். வேலை போய்விடும் என்ற பயமா? அதுவும்தான். ஆனால் அதைவிட, அந்த ஆட்டோக்காரத் தம்பிக்கு உலகத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள இருப்பது நான் ஒருத்திதான். அதையும் எப்படிப் பிடுங்குவேன்? இதுவும் ஒரு சாக்குத்தானோ... தெரியவில்லை. எனக்கு எதுவும் தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காட்டுப்பாக்கத்தில், குடியை விட நினைப்பவர்கள் கூடும் ஒரு கூட்டத்தில் முரளியைப் பேச அழைத்திருந்தார்கள். இப்போது அவனை அடிக்கடி கூப்பிடுகிறார்கள். நானும் வந்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தான். கலா கையைப் பிடித்து அவனை மேடையேற்றினாள். நான் முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

“அண்ணாத்தே, என்னைப் பாருங்க. நல்லா பாத்துக்கோங்க. குடிதான் என் கண்ண எடுத்துச்சு. நான் சொல்லல, எங்க அக்கா சொல்லுச்சு. மூளையப் பத்தி படிச்சவங்க. தோ, இங்கதான் கீறாங்க.” நான் இருக்கும் இடம் தெரியாமல் சுவரைப் பார்த்துச் சிரித்தான். “இன்னாக்கா, நான் சொல்றது கரெக்டா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கலாவும் பார்த்தாள்.

“கரெக்ட்” என்றேன்.

“சத்தமா சொல்லுக்கா. பின்னால கீறவங்களுக்குக் கேக்கல.”

எழுந்து நின்று, சத்தமாகச் சொன்னேன்.