டீசல் மூடிக்கு ஒரு சந்தனப் பொட்டு

அண்ணன் புதுப் போன் வாங்கியதும் பழையதை அப்பாவுக்குக் கொடுத்தான். பெரிய மனதோடு கொடுத்தான் என்று சொல்ல முடியாது, என் நச்சரிப்பு தாங்காமல் கொடுத்தான். எனக்கு அந்தப் போனிடம் எதிர்பார்ப்பு ஒன்றே ஒன்றுதான். அப்பா எங்கே இருக்கிறார் என்று அது எனக்குச் சொல்ல வேண்டும்.

அப்பா அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கடைசிவரை மேலூர் லைன்தான். ஓய்வுக்குப் பிறகும் காலையில் திருப்பரங்குன்றத்தில் வீட்டை விட்டுக் கிளம்பி, கண்ணில் படும் பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து ஒரு சுற்று போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார். அது இல்லாமல் அவரால் இருக்க முடியாது. அவர் நாள் முழுக்க வீட்டில் இருந்தால் அம்மாவாலும் இருக்க முடியாது. போன வருடம் மறதி ஆரம்பித்தது. முதலில் கண்ணாடி, செருப்பு என்று சில்லறையாக. பிறகு ஒரு நாள் மேலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு, தான் எடுக்க வேண்டிய வண்டி எது என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கேட்டிருக்கிறார். தெரிந்த கண்டக்டர் ஒருவர் போன் செய்ய, அண்ணன் போய்க் கூட்டி வந்தான். வந்த வேகத்தில், கேட்டுக்குப் பூட்டுப் போட்டுவிடலாம் என்றான்.

"எங்கயாச்சும் லாரி அடிச்சுப் போட்டா யாரு பதில் சொல்றது? நீ சொல்லுவியா?"

அப்பாவை கேட் கம்பிக்குப் பின்னால் நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அண்ணன் சொன்னதிலும் தப்பில்லை, அதனால் இன்னும் கோபம் வந்தது. சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வந்தோம். போன் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கும், அவர் இருக்கும் இடம் என் போனில் தெரியும். இன்னொரு தடவை ஆளைக் காணோம் என்று தேட வேண்டி வந்தால் பூட்டு. அண்ணன் பேச்சோடு நிற்கிறவன் இல்லை. அன்றைக்கே பூட்டை வாங்கி எங்கள் வீட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் போனான்.

எனக்கு வேலை தல்லாகுளத்தில், கோர்ட்டுக்குப் பக்கத்தில் மனு டைப் அடித்துக் கொடுக்கும் கடையில். என் மேசை சுவரைப் பார்த்து இருக்கும், வாசல் முதுகுப் பக்கம். வருகிறவர்கள் பின்னால் நின்று தங்கள் கஷ்டத்தைச் சொல்வார்கள், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு அதை டைப் அடிப்பேன். கீபோர்டுக்குப் பக்கத்தில் என் போன், போனில் மேப், மேப்பில் ஒரு நீலப் புள்ளி. அந்தப் புள்ளிதான் அப்பா.

புள்ளி முதல் வாரத்திலிருந்தே மக்கர் செய்தது. பெரியார் பஸ் ஸ்டாண்டுவரை ஒழுங்காக வரும், அப்புறம் உறைந்துபோகும். இல்லாவிட்டால் சார்ஜ் தீர்ந்து போனே அணைந்துவிடும். பழைய போன் என்றால் பழைய முதலாளியின் குணமும் சேர்ந்தேதான் வரும் போலிருக்கிறது. பேட்டரியை எது தின்கிறது என்று பார்த்தால், அண்ணனின் கிரிக்கெட் ஸ்கோர் ஒரு பக்கம், பிரியாணி தள்ளுபடி ஒரு பக்கம், அவன் எப்போதோ விட்டுவிட்டு வந்த கம்பெனியின் மெயில் ஒரு பக்கம். யாரும் கேட்காமலே எல்லாம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக அழித்தேன். அவன் ராசிபலன் பார்க்கிற ஆள் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

சார்ஜ் கொஞ்சம் நின்றது. ஆனால் ஏறுவதில் தகராறு. ஒயரைச் செருகினால் மின்னல் குறி வரும், கையை எடுத்தால் போய்விடும். ஒயரை மாற்றினேன், சார்ஜரை மாற்றினேன், பிளக்கை மாற்றினேன். கடைசியில் ஒயரை ஒரு பக்கமாக வளைத்து, அதன்மேல் அம்மாவின் இடிகல்லை வைத்தால் ஏறியது. கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் செருகிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், "உள்ள போர்டு போச்சுக்கா, மாத்திரலாம்" என்றார். எனக்கென்னவோ மனசு வரவில்லை. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன்.

சார்ஜர் செருகும் ஓட்டைக்குள் மஞ்சளாக எதுவோ இறுகிக் கிடந்தது. போனை அணைத்துவிட்டு, பல்குச்சியால் மெதுவாக நோண்டி எடுத்து மோந்து பார்த்தேன். சந்தனம்.

ஆயுத பூஜைக்கு வீட்டில் இருக்கிற அத்தனைக்கும் பொட்டு வைத்தபோது அப்பா போனுக்கும் வைத்திருக்கிறார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் வைத்திருக்கிறார். எத்தனையோ இடம் இருக்க, ஏன் அந்த ஓட்டையில் என்று கேட்டேன்.

"டீசல் ஊத்துற எடம்த்தா அது. அங்க பொட்டு வைக்காம நான் என்னைக்கு வண்டிய எடுத்திருக்கேன்?"

பொட்டை முதுகுப் பக்கம் வைக்கும்படி கேட்டுக்கொண்டேன், சரி என்றார். மறந்துவிடுவார் என்று தெரியும், அதனால் ஓட்டையை அடைக்க ஒரு ரப்பர் மூடியும் வாங்கிப் போட்டேன். இடிகல் அடுப்படிக்குத் திரும்பிப் போனது.

ஆனாலும் புள்ளி உறைந்தது. பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று போனே மேப்பைத் தூங்க வைக்கிறது என்று படித்து, செட்டிங்குக்குள் போய் அதை மட்டும் தடுக்காதே என்று மாற்றினேன். அப்படியும் உறைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு நானும் பஸ்ஸில் போனேன். பெரியாரில் இறங்கும் முன் அப்பா போனை எடுத்தார். திறந்து கிடந்ததையெல்லாம் விரலால் மேலே தள்ளித் தள்ளி மூடினார். மேப்பும் போனது. அப்புறம் நிதானமாகப் படியில் கால் வைத்தார்.

"எறங்குறப்ப எல்லாத்தையும் அணைச்சுட்டு எறங்கணும்த்தா. ஒரு லைட்டு எரிஞ்சாலும் பேட்டரி எறங்கிப் போகும்."

காலையில் சாப்பிட்டது தோசையா இட்லியா என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. இது மட்டும் அத்தனை வருடப் பழக்கமாக விரலில் நின்றிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சொல்லித் திருத்துகிற விஷயம் இல்லை இது. எவ்வளவு தள்ளினாலும் மேப் மூடாதபடி செய்ய அந்தப் போனிலேயே ஒரு வழி இருந்தது. அன்று வீடு திரும்பியதும் அப்படிச் செய்துவைத்தேன்.

திங்கட்கிழமை புள்ளி சிம்மக்கல் தாண்டி மாட்டுத்தாவணிவரை போய்த் திரும்பி வந்தது, ஒரு இடத்திலும் நிற்கவில்லை. செவ்வாயும் புதனும் அப்படியே. அண்ணனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அவன் கட்டைவிரல் காட்டினான். அப்பா மட்டும் சாயங்காலம் போனைத் தட்டிக்கொண்டே, "ஒண்ணு மட்டும் அணைய மாட்டேங்குதே" என்று முனகிக்கொண்டிருந்தார். நான் கண்டுகொள்ளவில்லை.

வியாழக்கிழமை புள்ளி வீட்டிலேயே இருந்தது. அசையவே இல்லை, உறையவும் இல்லை, சார்ஜ் முழுசாக இருந்தது. இன்றைக்கு அப்பா வெளியே கிளம்பவில்லை போலிருக்கிறது என்று எனக்கு நிம்மதி. அந்த நிம்மதியில் வழக்கத்தைவிட அதிகமாகவே அதை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை பாடுபட்டுச் சரிசெய்த பொருளைப் பார்த்துக்கொண்டிருப்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

மதியம் அம்மா போன் செய்தாள். "அப்பா சாப்பிட வரலையே, எங்கன்னு பாரு."

"வீட்லதானம்மா இருக்காரு."

"வீட்ல எங்கடி? நான் ஒருத்திதான் இருக்கேன்."

போன் சாமி அலமாரியில் இருந்தது. முதுகில் பொட்டோடு, பக்கத்தில் ஒரு பூவோடு.

நான் ஆட்டோ பிடித்து வீடு போய்ச் சேர்ந்தபோது அண்ணன் எனக்கு முன்னால் வந்திருந்தான். தெருவெல்லாம் தேடிவிட்டான், டிப்போவில் விசாரித்துவிட்டான். கேட்டில் பூட்டு மாட்டக் கொண்டி அடித்து முடித்துவிட்டுப் பூட்டைக் கையில் வைத்திருந்தான். நான் அவன் முகத்தைப் பார்க்காமல் கேட் ஓரமாகப் போய் நின்றேன். மறுபடி வண்டியை எடுக்க அவன் சாவியைப் போட்டபோது அப்பா தெருமுனையில் வந்தார். வேர்த்திருந்தது, மற்றபடி நிதானமாகத்தான் வந்தார். கையில் வாழையிலைப் பொட்டலம், எனக்குப் பிடித்த பருப்பு வடை.

பூட்டைப் பார்த்தார். "எதுக்கு இது? எல்லாரும் ஊருக்குப் போறீகளா?"

அண்ணன் பூட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். நான்தான் கேட்டேன். "போன ஏன்ப்பா வச்சுட்டுப் போனீங்க?"

"அதுல ஒரு லைட்டு அணைய மாட்டேங்குதுத்தா. ரிப்பேர் வண்டிய ரோட்டுக்கு எடுக்கலாமா?"

"சரி, இம்புட்டு நேரம் எங்கப்பா இருந்தீங்க?"

"ஒங்கிட்டதான் வந்தேன். வடை வாங்கிக்கிட்டு ஓங் கடைக்குத்தான் வந்தேன். பின்னாடிதான் ரொம்ப நேரம் நின்னேன். நீ போனையே பாத்துக்கிட்டு இருந்த. வேல நேரத்துல எதுக்குத் தொந்தரவுன்னு திரும்பிட்டேன்."

பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். வடை ஆறிப்போயிருந்தது. அங்கேயே நின்று தின்றேன், கண்ணில் தண்ணீர் வந்ததை மறைக்கவில்லை. அண்ணன் பூட்டைக் கொஞ்ச நேரம் கையில் உருட்டிக்கொண்டிருந்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கொண்டி மட்டும் கேட்டில் இன்னும் இருக்கிறது.

மேப்பை மறுபடியும் மூடுகிற மாதிரி மாற்றிக் கொடுத்தேன். அப்பா அதை மேலே தள்ளிப் பார்த்து, அது மறைந்ததும் திருப்தியாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் கடை முதலாளி ஒயர் எட்டாது என்று முணுமுணுக்க முணுமுணுக்க, என் மேசையை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டேன்.