சித்தப்பா கட்டிய கேபிள்

என் சித்தப்பாவுக்குக் கிடைக்கவிருந்த வேலையைக் கெடுத்தவன் நான். அப்போது எனக்குப் பத்து வயது. ஒரு முறை அல்ல, இரண்டு முறை கெடுத்தேன். முதல் முறை வேண்டுமென்றே செய்தேன். இரண்டாவது முறை, செய்த தவற்றைச் சரிசெய்வதாக நினைத்துக்கொண்டு செய்தேன். முதலாவதிலிருந்து அவர் தப்பித்துக்கொண்டார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. மார்கழி மாதம். பாகூர் ஏரி அந்த வருடம் கரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஏரிக்குள் எவ்வளவு வண்டல் படிந்திருக்கிறது என்று அளந்து பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு குழு வந்தது. ஒரு இன்ஜினீயர், அவருக்கு இரண்டு உதவியாளர்கள், லாரியில் ஏற்றி வந்த, பின்னால் என்ஜின் பூட்டிய சின்ன அலுமினியப் படகு. கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்குப் பின்னால் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கினார்கள். நாங்கள் படகு பார்க்காதவர்கள் இல்லை. கடல் எங்களுக்குத் தூரமில்லை. ஆனால் நாங்கள் பார்த்ததெல்லாம் மரப்படகு. இது சோறு வடிக்கும் குண்டான் மாதிரி பளபளத்தது. தட்டினால் குண்டான் சத்தமே வந்தது. "குண்டான் வந்துடுச்சுடா" என்றுதான் ஊர்ப் பிள்ளைகள் கரைக்கு ஓடினார்கள்.

படகில் வேலை செய்ய உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டுமென்று கேட்டார்கள். சித்தப்பா போனார். அவருக்கு அப்போது முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. நிலமெல்லாம் என் அப்பாவின் பொறுப்பில் இருந்தது. சித்தப்பா ஏர் ஓட்டினார், கரும்பு வெட்டினார், மாடு பார்த்தார், சாப்பிட்டார். அவருக்கென்று கையில் எதுவும் வந்ததில்லை. அவரும் கேட்டதில்லை. பக்கத்து ஊரான குருவிநத்தத்தில் ஒரு வீட்டில் பெண் தர மனம் இருந்தும், "அண்ணன் கையை எதிர்பாக்கிறவனுக்கு எப்படிக் குடுக்கறது? சொந்தமா ஒரு வேலை இருந்தா பாக்கலாம்" என்று சொல்லியிருந்தார்கள். இது எனக்கு அப்போது அரைகுறையாகத்தான் தெரியும்.

படகில் இருந்த கருவியை விளக்கிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்தது என்னவென்று புரியாது. படகின் பக்கவாட்டில் ஒரு இரும்புக் குழாயை நிறுத்தி வைத்திருப்பார்கள். அதன் அடிமுனை தண்ணீருக்குள் இருக்கும். அந்த முனையில் தேங்காய் மூடி அளவில் ஒரு கருவி. அதன் பெயர் டிரான்ஸ்டியூசர். அது கீழ்நோக்கி ஒலியை அனுப்பும். ஒலி தரையில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு ஆழம் தெரியும். அதிலிருந்து ஒரு கறுப்பு கேபிள் புறப்பட்டுக் குழாயோடு மேலே ஏறி, படகின் விளிம்பு வழியாக நடுப்பலகையில் இருந்த பெட்டிக்குப் போகும். பெட்டிக்குள் ஒரு முள் காகிதத்தைக் கருக்கிக் கருக்கி ஏரியின் தரையைக் கோடாக வரைந்துகொண்டே போகும். லேசாகத் தீய்ந்த வாசனை வரும்.

எல்லாம் சரியாக இருந்தது, கேபிளைத் தவிர. படகு ஓடும்போது தண்ணீர் அதை இழுத்து அதிர வைத்தது. அதிர்ந்தால் காகிதத்தில் கோட்டுக்குப் பதிலாகக் கிறுக்கல் விழுந்தது. ஒட்டிய டேப் நனைந்து நழுவியது. படகில் துளை போட்டு ஆணி அடிக்க இன்ஜினீயர் சம்மதிக்கவில்லை. முதல் நாள் முழுதும் அதிலேயே போயிற்று. மாலையில் சித்தப்பா, தான் கட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். வீட்டிலிருந்து சணல் கயிறு கொண்டுவந்து ஏரித் தண்ணீரிலேயே ஊறப்போட்டார். மறுநாள் காலை கேபிளை முதலில் குழாயோடும் பிறகு படகின் விளிம்போடும் சேர்த்து, ஒரு சாணுக்கு ஒரு கட்டாக இறுக்கிக்கொண்டே வந்தார். பெட்டிக்கு அருகில் மட்டும் கேபிளைக் கொஞ்சம் தளர்வாக வளைத்து விட்டார், இழுப்பு பெட்டி மேல் விழாதபடி. கடைசியில் எல்லாக் கட்டையும் ஒரே முடிச்சில் கொண்டுவந்து முடித்து ஒரு வால் விட்டார்.

இன்ஜினீயர் சிரித்தார். "என்னப்பா, மாடு கட்டறியா?"

"மாடுகூட அவுத்துக்கினு போய்டும் சார். இது போவாது."

"அப்ப இந்த வால் எதுக்கு?"

"ஏர்ல மாடு விழுந்துடுச்சுன்னா பூட்டாங்கயித்த ஒரே இழுப்புல அவுக்கணும் சார். இல்லன்னா கழுத்து நெரிஞ்சி பூடும். ஏரிக்குள்ள கருவேலங்கட்டை நெறைய கீது. கொழா மாட்டிக்கிச்சுன்னா இத்த இழுத்துட்டுக் கொழாயத் தூக்கிக்கலாம்."

இன்ஜினீயர் சிரிப்பதை நிறுத்திவிட்டு முடிச்சைக் குனிந்து பார்த்தார். அன்று காகிதத்தில் கோடு தெளிவாக விழுந்தது. அதற்கடுத்த நாளும் விழுந்தது. நான்காம் நாள் அவர் சித்தப்பாவிடம், அடுத்து மேற்கே ஒரு அணையை அளக்கப் போகிறோம், நீயும் வா, ஆறு மாதத்தில் உன்னை நிரந்தரமாக எடுக்க நான் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டார்.

சித்தப்பா இதை வீட்டில் சொன்னபோது அப்பா எழுந்து மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விட்டார். அறுப்பும் கரும்பு வெட்டும் வரிசையில் நின்ற நேரம். எனக்கும் அது பிடிக்கவில்லை. அப்பாவிடம் நான் அடி வாங்கும்போதெல்லாம் நடுவில் வந்து நின்றவர் சித்தப்பா. சைக்கிளில் என்னை முன்னால் உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனவரும் அவர்தான். அவர் போய்விட்டால் அந்த வீட்டில் நான் மட்டும் இருப்பேன் என்று தோன்றியது. அம்மா, இரண்டு அக்காக்கள், அப்பா எல்லாரும் இருந்தார்கள். ஆனாலும் அப்படித்தான் தோன்றியது.

அரையாண்டு விடுமுறை. மதியம் சித்தப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. குழுவில் மற்றவர்கள் தாங்கள் தங்கிய வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவார்கள். சித்தப்பா படகை விட்டு ஒரு அடி நகரக் கூடாது என்பது இன்ஜினீயரின் கண்டிப்பான உத்தரவு. ஐந்தாம் நாள் நான் போனபோது சித்தப்பா சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவே இல்லை. சட்டையை உதறி மாட்டிக்கொண்டிருந்தார்.

"டேய், செத்த நேரம் படகப் பாத்துக்கடா. குருவிநத்தம் வரைக்கும் ஒரு எட்டு போய்ட்டு வந்துடறேன்."

"நானும் வரேன் சித்தப்பா."

"நீ வந்துட்டா படக யாரு பாத்துக்கறது, உங்கொப்பனா? குந்து இங்கியே. நான் போனத யார்கிட்டியும் சொல்லக்கூடாது, இன்னா?"

சைக்கிளை மிதித்துக்கொண்டு கரை மேல் போனார். இத்தனை வேகமாக அவர் போய் நான் பார்த்ததில்லை. வேலை உறுதியாகிவிட்டது என்று பெண் வீட்டில் சொல்லத்தான் போனார். எனக்குப் புரிந்ததெல்லாம், அவர் போவதற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிறார் என்பதுதான்.

நான் படகில் ஏறினேன். வாலை இழுத்தேன். முடிச்சு உடனே அவிழ்ந்தது. அதற்காகவே போட்ட முடிச்சு. பிறகு விளிம்பில் இருந்த கட்டுகளையும் குழாயில் நீர்மட்டத்துக்கு அருகிலிருந்த இரண்டு கட்டுகளையும் விரலால் நெகிழ்த்தினேன். ஊறிய சணல் விரலை அறுத்தது. அதையும் பொறுத்துக்கொண்டு செய்தேன். கடைசியாக வாலைப் பழையபடி சுற்றிச் செருகிவைத்தேன், பார்த்தால் கட்டியது போலவே இருக்கும்படி. விளையாட்டாகச் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. விளையாட்டாகச் செய்கிறவன் வாலைச் செருகிவைக்க மாட்டான்.

சித்தப்பா திரும்பி வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே இன்ஜினீயரின் ஜீப் வந்துவிட்டது. அவர் முடிச்சை ஒரு பார்வை பார்த்தார். இழுத்துப் பார்க்கவில்லை.

படகு இரண்டு முறை ஏரியைக் குறுக்கே கடந்து வந்தது. நான் கரையில் உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாவது முறை திரும்பும்போது என்ஜின் இருமியது போல் ஒரு சத்தம் வந்தது, நின்றுவிட்டது. தொய்ந்த கேபிளைத் தண்ணீர் பின்னால் தள்ளிக்கொண்டுபோய் என்ஜின் விசிறியில் சுற்றிவிட்டிருந்தது. சித்தப்பா கழுத்தளவுத் தண்ணீரில் குதித்து, மூழ்கி மூழ்கி அதைத் துண்டு துண்டாக வெளியே எடுத்தார். மாற்றுக் கேபிள் இல்லை. மிச்ச வேலையை நிறுத்திவிட்டு, மறுநாள் காலை புறப்படுவதென்று முடிவானது.

இன்ஜினீயர் கத்தினார்தான். ஆனால் கத்தி முடித்ததும் அவரே, "கட்டை தட்டியிருக்கும். கரெக்டா அந்த இடத்துல மாட்டியிருக்கு. சரி விடு, காலையில துணிப் பெட்டியோட வந்துடு" என்றார். அவ்வளவுதான். சித்தப்பாவின் வேலை போகவில்லை.

வீட்டுக்கு வந்த சித்தப்பா ஈரத் துணியைக்கூட மாற்றாமல் கொட்டகையில் உட்கார்ந்து, கையிலிருந்த கயிற்றைக் கம்பத்தில் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். "கட்டை தட்டனா கொழா அசைஞ்சிருக்கணுமே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் கட்டனது அவுராதே" என்றார். பிறகு தன் கையை விரித்து ஏதோ இரவல் வாங்கி வந்த பொருளைப் பார்ப்பது போல் பார்த்தார். அம்மா இரண்டு முறை கூப்பிட்டும் சாப்பிட வரவில்லை.

என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. அவர் ஊரை விட்டுப் போகக் கூடாது என்றுதான் நினைத்தேனே தவிர, அவர் கை மேல் அவருக்கே சந்தேகம் வர வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் இன்ஜினீயர் தங்கியிருந்த வீட்டுக்குப் போனேன். நல்ல எண்ணத்தில்தான் போனேன். அது மட்டும்தான் என்று இன்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

லாரியில் படகு ஏற்றியாகிவிட்டது. இன்ஜினீயர் வாசலில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து முகச்சவரம் செய்துகொண்டிருந்தார்.

"சார், கட்டை தட்டல சார். நான்தான் அவுத்துவுட்டேன். சித்தப்பா கட்டனது சரியாத்தான் இருந்துச்சு."

அவர் கத்தியைக் கன்னத்திலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எப்ப அவுத்த?"

"மதியம் சார்."

"மதியம் உங்க சித்தப்பா படகுலதானே இருந்தாரு?"

இந்தக் கேள்வி வரும் என்று நான் யோசித்திருக்கவில்லை. உண்மை சொல்ல வந்த இடத்தில் பொய் சொல்லக் கூடாது என்று மட்டும் தோன்றியது.

"குருவிநத்தம் போயிருந்தாரு சார்."

"உன்ன விட்டுட்டா?"

"ஆமா சார். யார்கிட்டியும் சொல்லக்கூடாதுன்னாரு."

அவர் மறுபடி கண்ணாடிப் பக்கம் திரும்பினார். முகத்தின் மறுபாதியையும் சவரம் செய்து முடித்தார். பிறகு துண்டால் துடைத்துக்கொண்டு என் தலையில் கை வைத்து, "நல்ல பையன். தைரியமா உண்மையைச் சொல்லிட்ட. எப்பவும் இப்படியே இருக்கணும்" என்றார்.

வெளுத்த சட்டையும் தகரப் பெட்டியுமாகச் சித்தப்பா வந்து சேர்ந்தபோது நான் அங்கேயே நின்றிருந்தேன். இன்ஜினீயர் கோபப்படவில்லை. "உன் கட்டுல தப்பில்லப்பா. இந்தப் பையன் வந்து சொல்லிட்டான். ஆனா படக ஒரு சின்னப் பிள்ள கையில விட்டுட்டுப் போயிருக்க. அணையில இந்த மாதிரி பண்ணா ஆள் செத்துப்போவான். நான் வேற ஆள் பாத்துக்கறேன்" என்றார்.

இதில் என் காதில் விழுந்தது முதல் வாக்கியம் மட்டும்தான். சித்தப்பாவின் கட்டில் தப்பில்லை என்று இன்ஜினீயர் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டேன். சித்தப்பா என்னைப் பார்த்தபோது, அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

லாரி புறப்பட்டுப் போன பிறகு நாங்கள் நடந்தோம். பாதி வழியில் அவர் கேட்டார்.

"அவுத்தது நீதானா?"

"ஆமா சித்தப்பா."

"ஏன்டா?"

"நீ பூடுவியேன்னுதான்."

அவர் பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருந்த முப்பத்தைந்து வருடங்களில் இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. குருவிநத்தத்துப் பெண்ணுக்கு அந்தத் தை மாதமே வேறு இடத்தில் முடிந்தது. சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகவே இல்லை. நான் படித்து வேலைக்குப் போன பிறகு, இரண்டு முறை அவருக்கு ஏதாவது ஒரு வேலை வாங்கித்தர முயன்றேன். வயது கடந்துவிட்டது என்றார்கள். அவரும் ஆசைப்பட்டதாகத் தெரியவில்லை.

அன்று நாங்கள் வீடு வந்து சேர்ந்தபோது அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். பெட்டியோடு திரும்பி வந்தவரைப் பார்த்து, "இன்னாடா, வுட்டுட்டுப் பூட்டானுவளா?" என்றார்.

"நான்தான் வரலன்னுட்டேன். அறுப்பு நேரத்துல உன்ன ஒண்டியா வுட்டுட்டு எப்படிப் போறது" என்றார் சித்தப்பா.

அப்பாவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. மதியம் தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிட்டார். அம்மாவிடம் இன்னும் போடு, இன்னும் போடு என்றார். "இப்பதான்டா உனக்கு வெவரம் வந்துருக்குது" என்று இரண்டு முறை சொன்னார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சித்தப்பா சொன்னது உண்மை இல்லை. உண்மை சொன்னால் பெரியவர்கள் தலையில் கை வைத்துப் பாராட்டுவார்கள் என்பதைக் காலையில்தான் கற்றிருந்தேன்.

"அப்பா, சித்தப்பா ஒண்ணும்..." என்று ஆரம்பித்தேன்.

சித்தப்பா தன் தட்டிலிருந்த விரால் துண்டை, இருந்த ஒரே நடுத்துண்டை, எடுத்து என் தட்டில் வைத்தார். "சாப்புடுடா, ஆறிப்பூடும்" என்றார்.

விரால் எனக்குப் பிடிக்கும் என்பதால்தான் வைத்தார் என்று அப்போது நினைத்தேன். சொல்ல வந்ததை மறந்துவிட்டு, முள்ளை ஒதுக்கி ஒதுக்கி முழுவதையும் சாப்பிட்டேன்.