ஒரு கட்டுத் தட்டை

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, என் வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம். மற்ற நாலும் போன அன்று நானும் செத்திருக்கக் கூடாதா என்று பல நாள் அழுதிருக்கிறேன். இன்று அப்படி அழுவதில்லை. ஏன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நயா பைசா வந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். நாகலாபுரம் பக்கத்தில் ஒரு முதலாளியின் புஞ்சைக் காட்டில் கூலி வேலை பார்த்தேன். புருஷன் காலமாகிவிட்டார், பிள்ளை இல்லை. வீட்டில் என்னோடு ஒரு வெள்ளாடு. அந்த மாசியில் முதலாளி மாட்டுத் தீவனத்துக்குச் சோளத்தட்டை நறுக்க ஒரு மிஷின் வாங்கினார். ஆயில் எஞ்சினில் ஓடும். தட்டையை அதற்குள் தள்ளுவது என் வேலை. வேலை முடிந்ததும் கூலிக்காரிகள் ஆளுக்கு ஒரு கட்டுத் தட்டை வீட்டுக்கு எடுத்துப் போவது அங்கே வழக்கம். அன்று என் கட்டு சிறுத்திருந்தது. மிஷினில் ஒரு தட்டை பாதியில் சிக்கி நின்றது. ஆட்டுக்கு ஆகுமே என்று உருவினேன். எஞ்சினை இன்னும் நிறுத்தியிருக்கவில்லை. ஆசைதான், வேறென்ன.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்தேன். சாயங்காலம் பக்கத்துக் கட்டில்களுக்கு ஆட்கள் வருவார்கள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன். கூட வேலை செய்தவர்கள் முதலாளிக்குப் பயந்து எட்டிப் பார்க்கவில்லை. எங்கள் சபையை நடத்தும் உபதேசியாரும் வரவில்லை. ஜெபவீட்டு ஓடு முதலாளி போட்டுக் கொடுத்தது. உபதேசியாரை நான் குறை சொல்லவில்லை, கொஞ்சம் சொல்கிறேன்.

விவசாய வேலையானாலும் மிஷினில் அடிபட்டால் நஷ்ட ஈடு உண்டு என்று ஒரு நர்ஸம்மாதான் சொன்னார். மனுவும் அவரே எழுதித் தந்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஆட்டைக் காணோம். அதோடு பேசிக்கொண்டாவது இருந்தேன். மனுப் போட்டது தெரிந்ததும் ஊரார் என்னோடு பேசுவதும் நின்றுபோயிற்று. முழங்காலில் நின்று ஒன்றே ஒன்று கேட்டேன்: ஆண்டவரே, எனக்காகப் பேச ஒரே ஒரு ஆளை அனுப்பும்.

திருநெல்வேலியில் நஷ்ட ஈட்டு அதிகாரியின் ஆபீஸில் விசாரணை. தனியாகத்தான் பஸ் ஏறினேன். கயத்தாறு தாண்டும் வரை ஜெபித்தேன். யாரும் வரப்போவதில்லை என்று எனக்கே தெரிந்தது. வராந்தாவில் மனு எழுதுகிறவர் ஒருவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"வேலை பாக்கையில அடிபட்டதுன்னு மட்டும் சொல்லும்மா. ஆட்டுக்கு உருவுனேன்னு சொன்னா கேஸு போச்சு."

உள்ளே அதிகாரி கேட்டபோது என் நாக்கு பொய்க்குத் திரும்பவில்லை. ஆட்டுக்குத்தான் உருவினேன் என்று சொல்லிவிட்டேன். எதிரே முதலாளியோடு உட்கார்ந்திருந்த அவர் வக்கீல் சிரித்தார். வேலை முடிந்த பிறகு சொந்தக் காரியமாக மிஷினுக்குள் கையை விட்டாள், தட்டை முதலாளி தர்மத்துக்குக் கொடுப்பது என்றார். தீர்ந்தது என்று நினைத்தேன். ஆண்டவர்மேல் கோபம்கூட வந்தது.

அதிகாரி கூலி நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்துக் காடுகளைவிட இங்கே கூலி ஏன் குறைவு என்று முதலாளியைக் கேட்டார். முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. கஞ்சன் என்று பெயர் வாங்க அவருக்குப் பிடிக்காது.

"நாங்க யார் வயித்துலயும் அடிக்கல சார். காசு கொஞ்சம் கம்மிதான். ஆனா சாயங்காலம் ஆளுக்கு ஒரு கட்டுத் தட்டை குடுக்கோம்லா. அதையும் சேத்துத்தான் கூலி."

வக்கீல் அவர் கையைப் பிடித்தார். அதற்குள் அதிகாரி எழுதத் தொடங்கிவிட்டார். தட்டை கூலி என்றால், அதை எடுத்ததும் வேலையில் சேர்ந்ததுதான் என்று தீர்ப்பானது.

நான் கேட்ட ஆளைக் கர்த்தர் அனுப்பினார். எதிர் நாற்காலியில் முன்னமே உட்கார்த்தி வைத்திருந்தார். நான்தான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்த பணத்தில் ஒரு சின்னக் கடை வைத்துப் பிழைக்கிறேன். இன்றும் சாயங்காலம் வீட்டுக்குள் போனால் யாரும் இல்லைதான். ஆனால் காட்டு வேலையில் அடிபட்டு எந்தப் பெண் மனுப் போட்டாலும், கடையைப் பூட்டிவிட்டு அவளோடு திருநெல்வேலிக்குப் போகிறேன். எனக்குச் சட்டம் தெரியாது. உங்களில் யாருக்காவது ஒருத்தரும் இல்லையென்றால் கர்த்தரிடம் கேளுங்கள், பொய் சொல்லாமல் காத்திருங்கள். அதுவரை அந்த வராந்தாவில் உங்கள் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன்.