கத்தி படாத கோபுரம்

ஸ்ரீரங்கத்தில் என் தோழியின் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். மாலையில் அவர் கேக் வெட்ட வேண்டுமென்று பேரப்பிள்ளைகளுக்கு ஆசை. முட்டை சேர்க்காத கேக், மேலே சர்க்கரையில் செய்த ராஜகோபுரம். செய்து கொண்டுவந்த அம்மாளுக்கு எடமலைப்பட்டி புதூர். கண்ணுக்குக் கீழே கருவளையம். விரல் நுனியில் ஒட்டியிருந்த மஞ்சள் சாயத்தைப் புடவைத் தலைப்பில் தேய்த்துக்கொண்டே இருந்தார். அது போவதாக இல்லை.

கத்தியை வாங்கிய தோழியின் அப்பா அப்படியே நின்றுவிட்டார்.

"கோபுரத்துலயா வெட்டச் சொல்றேள்? அபசாரம்!"

அந்த அம்மாள் கோபுரத்தை அடியிலிருந்த அட்டையோடு முழுசாகத் தூக்கித் தன் டப்பாவில் வைத்துக்கொண்டார். வெறும் கேக்கை வெட்டினார்கள்.

திரும்பும்போது சத்திரம் பஸ் ஸ்டாண்டு போகும் பஸ்ஸில் அவர் பக்கத்தில் இடம் கிடைத்தது. கோபுரம் அவர் மடியில் இருந்தது.

"இதை உடைச்சு யாராவது பிள்ளைங்களுக்குக் குடுத்துடலாமே?" என்றேன்.

கொட்டாவி விட்டார்.

"எல்லாரும் கோபுரந்தான் வேணுங்கிறாங்க, வெட்டத்தான் மாட்டேங்கிறாங்க. வீட்ல ஃப்ரிட்ஜ் பூரா கோபுரந்தாங்க. வெண்ணெய் வைக்க இடமில்ல. எனக்கு மட்டும் உடைக்க மனசு வருமா?"

காவிரிப் பாலத்தில் பஸ் குலுங்கியபோது அவர் தூங்கிப்போயிருந்தார். மஞ்சள் விரல்கள் மட்டும் டப்பாவை விடவில்லை.

சத்திரம் வந்துவிட்டது. எழுப்ப எனக்கு மனசு வரவில்லை.